ஹல்வார் சொன்ன ‘காலி’

எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நீ சொல்வது பொய் என்று வாய்விட்டுச் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அதற்காக எங்களை ரொம்பப் பண்பட்டவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடும் என்று பயப்படுகிற ஜனங்கள் நாங்கள். ஒருவர் மனசை நோகடிக்க வேண்டுமென்றால் அதற்குக்கூடப் பேச்சைச் செலவழிக்க மாட்டோம். ஹல்வாருக்கு நேர்ந்ததைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

ஹல்வாருக்கு அப்போது அறுபத்தேழு வயது. மலைகளுக்குள் புகுந்து கிடக்கிற ஃபியோர்டுக் கடலிலிருந்து மேலேறி வருகிற சாலை முடிகிற இடத்தில், கிரோனிப்பா மலையின் காலடியில் அவர் வீடு. அதற்கப்பால் வீடு கிடையாது, மலைதான். அண்ணன் பெர்கன் நகரத்தில் இன்சூரன்ஸ் விற்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஒரு போன், அதிலும் பாதி நேரம் மழையைப் பற்றி. ஹல்வாருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை, அவரும் தானாகச் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்சம் ஆடுகள், ஒரு பழைய டிராக்டர், சமையலறை ஜன்னல் வழியே தெரிகிற மலை, இவ்வளவுதான் அவர் குடும்பம்.

வாலிபத்தில் அவர் சுரங்க வேலைக்குப் போனவர். மின்நிலையத்துக்காக மலையைக் குடைந்த காலம் அது. வருஷக்கணக்கில் பாறையைத் துளைக்கிற இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாளில் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறவனைச் சக வேலைக்காரர்கள் ‘வா பாப்பா’ என்று கூப்பிடுவார்கள். ஹல்வார் பஞ்சு வைக்கவில்லை. காது ஒரேயடியாகப் போகவில்லை, ஒவ்வொரு சத்தமாகப் போனது. முதலில் வெட்டுக்கிளி, அப்புறம் கொசு, அப்புறம் கெட்டில் கொதிக்கிற சத்தம். ஆஸ்பத்திரியில் கொடுத்த காது மிஷினை ஒரு வாரம் மாட்டிப் பார்த்தார். ரொட்டி மெல்வது தலைக்குள்ளே ஜல்லி லாரி போகிற மாதிரி இருந்ததாம். கழற்றிக் காப்பி டப்பாவில் போட்டு மூடிவிட்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை. எதிரில் பேசுகிறவர் உதட்டைப் பார்த்தே சமாளித்தார். எங்கள் ஊரில் பேச்சே அபூர்வம் என்பதால் அது அவருக்குச் சௌகரியமாகவும் போயிற்று.

இனி எங்கள் ஆட்டு விவகாரத்தைச் சொல்ல வேண்டும். கோடை பிறந்ததும் ஆடுகளை மலைக்கு ஓட்டிவிடுவோம். மேய்ப்பவர் யாரும் கிடையாது, அதுகள் பாட்டுக்குத் திரியும். பனி விழுவதற்கு முன்னால், அக்டோபரில், எல்லா வீட்டாரும் சேர்ந்து ஏறித் திரட்டி இறக்குவோம். மலையை வீட்டுக்கு ஒரு பங்காகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஆடு எவருடையதாக இருந்தாலும் சரி, உன் பங்கில் நிற்பதை நீதான் இறக்க வேண்டும். சாயங்காலம் பட்டி வாசலில் எல்லாரும் கூடும்போது, தன் பங்கில் எதுவும் மிச்சமில்லை என்றால் ஒவ்வொருவரும் ‘காலி’ என்று ஒரு சொல் சொல்வார்கள். அந்தச் சொல்லோடு அந்த வருஷக் கணக்கு முடிந்தது. ஒருவர் காலி என்ற பங்கில் இன்னொருவர் போய்ப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. போனால் அவரைப் பொய்யன் என்று ஊரறியச் சொன்ன மாதிரி. ஆடு போனால் போகட்டும் என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்களே தவிர, போக மாட்டார்கள். முட்டாள்தனம்தான், நான் மறுக்கவில்லை.

ஹல்வாரின் பங்கு கிரோனிப்பாவின் செங்குத்துப் பாறைக்கு அடியில் இருந்தது. மலையிலேயே மோசமான இடம், பாறை நடுவே மேடை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் திட்டுகளில் சிக்கிய ஆடு தானாக இறங்கி வர முடியாது. அவர் அப்பாவுக்கு இருந்தது, பிறகு இவருக்கு வந்தது. ஒரு வருஷம் காலில் சுளுக்கோடு மலையிலேயே ராத்தங்கி, வேறு யாருடைய குட்டியையோ தோளில் போட்டுக்கொண்டு மறுநாள் மத்தியானம் இறங்கி வந்தார். அதன் பிறகு ஹல்வார் காலி என்றால் காலிதான். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, சபை நடுவில் நாலு வார்த்தை பேசிப் பெயர் வாங்கியவரும் இல்லை. ஊரில் அவருக்கென்று இருந்தது அந்தச் சொல்லுக்கு இருந்த மதிப்பு ஒன்றுதான்.

அந்த வருஷம் அக்டோபரில் மலை முழுக்க மூடுபனி. நீட்டின கை தெரியவில்லை. அப்படிப்பட்ட நாளில் கண்ணை வைத்துத் தேட முடியாது. பாறைக்கு அடியில் அசையாமல் உட்கார்ந்து கழுத்துமணிக்குக் காது கொடுக்க வேண்டும். ஹல்வார் உட்கார்ந்தார். தொடை மரத்துப்போகிற வரை உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்து பட்டி வாசலில் காலி என்றார்.

பொய் சொன்னாரா என்றால் இல்லை. கேட்காததைக் கேட்கவில்லை என்றார், அவ்வளவுதான். ஆனால் தன் காதுக்கு எட்டவில்லை என்பதும் மலையில் மணி ஒலிக்கவில்லை என்பதும் ஒன்றல்ல என்று அவருக்குத் தெரியும். வாசலில் நின்றபோதே தெரியும். எனக்குச் சரியாகத் தெரியவில்லை, யாராவது ஒரு தடவை பாருங்கள் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொன்னால் ஏன் என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் காது வெளியே வரும், காது வெளியே வந்தால் பங்கு போய்விடும். ஆகவே காலி என்றார்.

அடுத்த வீட்டு ராக்னாவுக்கு நாலு உருப்படி குறைந்தது. மணி கட்டின தாய் ஆடு, அதன் இரண்டு குட்டிகள், இன்னும் குட்டி போடாத ஒரு கிடாரி ஆடு. ராக்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. புருஷன் போன பிறகு பண்ணையைத் தனியாகவே இழுத்துக்கொண்டு வருகிறவள், வெடுக்கென்று பேசினாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். அவள் ஹல்வாரைப் பார்த்து, பாறைக்கடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாயா என்று மட்டும் கேட்டாள். உட்கார்ந்தேன் என்றார். அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆடுகள் முகட்டைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும், அங்கிருந்து போன் வரும் என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். போன் வரவில்லை, பனிதான் வந்தது.

ஜனவரி நடுவில் ஒரு நாள் ஹல்வார் கடைக்குக் காப்பித்தூள் வாங்கப் போனார். அப்போது நகரத்திலிருந்து வந்த இரண்டு பேர், பனியில் சறுக்கிப் போகிற ஸ்கீ பலகையில் ஏறி மலை பார்க்க வந்தவர்கள், கல்லாவில் நின்று கடைக்காரி ஓஸ்தாவிடம் எதையோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹல்வார் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுக் காப்பித்தூளை நீட்டினார். ஓஸ்தாவின் முகம் மாறிப்போயிருந்தது. அவள் அவரைப் பார்த்து என்னவோ சொன்னாள், அவர் அதற்கும் தலையாட்டினார். கடைசியில் அவள் கல்லா மேலே எக்கி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அவர் காதில் கத்தினாள்.

“ஹல்வார், கிரோனிப்பா பாறையில, நடு மேடையில ஆடு நிக்குதாம். இவங்க நேத்து பார்த்திருக்காங்க. இந்த ஊர்ல குளிர்காலத்துக்கும் மலையிலதான் விடுவீங்களான்னு கேக்கறாங்க.”

கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லாரும் ரொட்டியையும் பால் பாக்கெட்டையும் அதிசயமாகப் பார்க்கத் தொடங்கினார்கள். ஹல்வார் காப்பித்தூளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

ஆடு ராக்னாவுடையது, அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் வீட்டைத் தாண்டித்தான் வந்தார், நிற்கவில்லை. அவர் கணக்கு வேறு. ஆடு உயிரோடு நிற்கிறது என்றுதானே சொன்னார்கள். விடியும்போதே போய் அதை இறக்கிக் கொண்டுவந்து அவள் தொழுவத்தில் விட்டுவிட்டால், அதற்குப் பிறகு என்ன பேசினாலும் பேசிக்கொள்ளட்டும். அக்டோபரில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் தன் பங்கில் நின்றதைத் தானே இறக்கினதாக ஆகும். ராத்திரி முழுக்க இதையே மனசுக்குள் உருட்டினார்.

விடிவதற்கு முன்பே கிளம்பினார். ஸ்கீக்கு அடியில் பின்னால் வழுக்காமலிருக்கத் தோல்பட்டையை ஒட்டி, ஒரு சாக்கில் நல்ல வைக்கோலாகப் பார்த்துத் திணித்து, கயிற்றைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பிர்ச் மரக்காட்டுக்குள் ஏறினார். ராத்திரி விழுந்த பனி முழங்கால் வரை இருந்தது. அந்த வயதில் தனியாளாகப் புதுப்பனியில் தடம் போடுவது லேசான வேலை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் வலி கிளம்பி இடுப்பு வரை போனது. அவருக்கு அது ஒரு வகையில் நன்றாகவே இருந்தது, பட வேண்டியதைப் படுகிறோம் என்கிற மாதிரி.

வெளிச்சம் வந்தபோது காட்டின் விளிம்புக்கு வந்துவிட்டார். மேகம் இல்லை, காற்று இல்லை, மலை வெள்ளைவெளேர் என்று நின்றது. கோடையில் மாடு கட்டுகிற குடிசைகள் கூரை வரை புதைந்து கிடந்தன. அங்கே மூச்சு வாங்க நின்றவர் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்கப் போனார். அப்போது யாரோ அவர் தோளைத் தொட்டார்கள்.

அவர் துள்ளிய துள்ளலில் ஆரஞ்சு பனிக்குள் போய்விட்டது. திரும்பினால் ராக்னா. முகம் சிவந்து, இமையில் உறைபனியோடு, இரைக்க இரைக்க நின்றாள். முதுகில் துப்பாக்கி. கடைக்காரி ஓஸ்தா முந்தின நாளே அவளுக்குப் போன் பண்ணிவிட்டாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

“காட்டுக்குள்ள பாதியிலேருந்து கத்திக்கிட்டே வரேன்,” என்றாள். “தொண்டையே போயிடுச்சு. ஒரு தரம்கூடத் திரும்பல.”

“காத்து,” என்றார் ஹல்வார்.

ராக்னா அண்ணாந்து பிர்ச் மரங்களைப் பார்த்தாள். மரங்களில் ஒரு குச்சிகூட அசையவில்லை. கிளை மேலே இருந்த பனி வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் திரும்ப அவரைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று அவர் காத்திருந்தார். திட்டியிருக்கலாம், மனுஷனுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ குனிந்து ஆரஞ்சைத் தேடி எடுத்து, கையுறையால் துடைத்து அவரிடம் கொடுத்தாள்.

இரண்டு பேரும் அதைப் பாதிப் பாதியாகத் தின்றார்கள். வைக்கோல் சாக்கை அவள் ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். அவர் துப்பாக்கியைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

குடிசைகளைத் தாண்டினால் சரிவு கிடுகிடுவென்று நிமிரும். ஹல்வார் ஸ்கீயைத் திருப்பி முன்னே போகப் பார்த்தார். அந்தச் சரிவில் அவருக்கு முன்னால் யாரும் தடம் போட்டதில்லை, அது அவர் பங்கு. ராக்னா கம்பை அவருக்குக் குறுக்கே நீட்டினாள்.

“நான் முன்னால போறேன். அடியில பனி அமுங்கினா ஒரு சத்தம் வரும்ல. அது கேக்கணும், இல்லேன்னா பனி சரிஞ்சு ஆளை மூடிடும்.”

இதைச் சொல்லும்போது அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று, உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தனக்குத் தெரிந்துவிட்டதை அவள் மறைக்கவும் இல்லை. ஹல்வார் விலகி வழிவிட்டார். அவள் தடத்தில் தன் ஸ்கீயை வைத்து நடந்தார். அடுத்தவர் போட்ட தடத்தில் ஏறுவது எத்தனை சுலபம் என்று அன்றுதான் பார்த்தார், அவருக்கு அழுகை வந்தது.

மேலே போகப் போகக் குளிரில் பல் கிட்டியது. சரிவில் இடைவெளி விட்டு, ஒருவர் கடந்த பிறகே மற்றவர் என்று கடந்தார்கள். இரண்டு இடத்தில் அவள் சட்டென்று நின்று தலையைச் சாய்த்தாள். அவளுக்கு என்ன கேட்டதோ, தடத்தை மாற்றிப் பாறையோரமாகப் போனாள். அவருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு அந்த மலை எப்போதும் போல அமைதியாகத்தான் இருந்தது. இப்படித்தானே எத்தனையோ குளிர்காலமாகத் தனியே ஏறி இறங்கினேன், இத்தனை வருஷமும் காலடியில் என்னென்ன சத்தம் போட்டதோ என்று நினைத்துக்கொண்டே அவள் தடத்தை விட்டு விலகாமல் ஸ்கீயை வைத்தார்.

பாறையின் தலைக்குப் போய்ச் சேர்ந்தபோது சூரியன் எதிர் முகட்டில் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. நடு மேடைக்கு மேலிருந்து ஒரு பாறைச் சந்து வழியாக இறங்க வேண்டும். நான் இறங்குகிறேன் என்றாள் ராக்னா. இது என் பங்கு என்றார் ஹல்வார். அவள் கயிற்றின் ஒரு முனையைப் பாறை மூக்கில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சாக்கோடு, ஸ்கீ இல்லாமல் பூட்ஸால் உதைத்து உதைத்துப் படி வைத்து அவர் இறங்கினார்.

மேடை ஒரு அறை அகலம் இருந்தது. மேலே பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்ததால் பனி அதிகம் இல்லை. புல்லை வேர் வரை கடித்து, பாசியைச் சுரண்டி, பாறையையும் நக்கியிருந்தன, பாவங்கள். இரண்டு குட்டிகளும் சுவரோரம் செத்துக் கிடந்தன. அவற்றின் உடம்பில் ரோமம் இல்லை. பசி தாங்காமல் அதைத் தாய்தான் தின்றிருக்கிறாள். அந்தத் தாய் மூலையில் உயிரோடு இருந்தாள். ஹல்வாரைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். கத்தினாளா, சும்மா திறந்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் முட்டி போட்டு வைக்கோலை நீட்டினார். ஆடு முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு வந்து தின்னத் தொடங்கியது. என்ன ஆசையாகத் தின்றது! பிழைத்துவிடும், கட்டித் தூக்கிவிடலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கழுத்தைத் தடவிக் கொடுத்த கை மணி மேலே பட்டது.

அவர் மணியைப் பிடித்தார். அந்த நிமிஷம் அவருக்கு ஒரு ஆசை வந்தது. மணிக்குள்ளே மண் அடைத்திருக்கக் கூடாதா? நாக்கு துருப்பிடித்து ஒட்டியிருக்கக் கூடாதா? அப்படி இருந்துவிட்டால் அக்டோபரில் யார் உட்கார்ந்திருந்தாலும் கேட்டிருக்காது, அவர் சொன்னதில் குற்றமே இல்லை. விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். நாக்கு தாராளமாக ஆடியது. ஆட்டிப் பார்த்தார். உலோகம் உலோகத்தில் இடிப்பது விரலுக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றும் வரவில்லை. இன்னும் பலமாக ஆட்டினார். பிறகு மேலே பார்த்தார்.

மேலே ராக்னா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“என் மணிதான் அது,” என்று சத்தமாகச் சொன்னாள். “எங்கேருந்தாலும் தெரியும்.”

ஹல்வார் கையை எடுத்தார். ஆடு தின்றுகொண்டே இருந்தது.

“தூக்கிடலாம் ராக்னா,” என்றார். “கட்டித் தூக்கினா வந்துடும். தின்னுது பாரு.”

“பின்னங்கால் எப்படி இருக்கு?”

அவர் தொட்டுப் பார்த்தார். இரண்டு காலும் முட்டி வரை விறகுக்கட்டை மாதிரி இருந்தது. ஒன்றில் குளம்பே கழன்று போயிருந்தது. அவர் அந்தக் காலையே பிடித்துக்கொண்டிருந்தார்.

“எப்படி இருக்கு ஹல்வார்?”

“செத்துப்போச்சு.”

அவள் துப்பாக்கியைத் தன் பையிலிருந்த சின்னக் கயிற்றில் கட்டி இறக்கினாள். ஆரம்பத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. வைக்கோல் சுமந்தவர் இவர், துப்பாக்கி சுமந்தவள் அவள். ஹல்வார் துப்பாக்கியை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, சாக்கிலிருந்த வைக்கோலில் மிருதுவானதாகப் பார்த்து இன்னொரு பிடி எடுத்துக் கொடுத்தார். அது விழுங்குகிற வரை காத்திருந்தார். பிறகு செய்ய வேண்டியதைச் செய்தார்.

மேலே ஏறுவதற்கு முன் அவர் மேடையின் கோடிக்குப் போய், பாறையைக் கட்டிக்கொண்டு எட்டி, வளைவுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அங்கே இன்னொரு சின்ன மேடை உண்டு. நன்றாகப் பார்த்தார். வெறும் கல்லும் பனியும். காலடி இல்லை, புழுக்கை இல்லை, எலும்பு இல்லை. கண் அவருக்கு இன்றைக்கும் பருந்துக் கண். திருப்தியாகத் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்து ஏறினார்.

ராக்னா அவருக்குப் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவள் தன் ரொட்டியில் இருந்த பழுப்புச் சீஸை விரலால் சுரண்டிக்கொண்டே, கிடாரி என்ன ஆனது என்று கேட்டாள். நாலில் மூன்றுக்குத்தான் கணக்குக் கிடைத்திருந்தது.

“அந்தப் பக்கத்து மேடையையும் எட்டிப் பார்த்துட்டேன்,” என்றார் ஹல்வார். “காலி.”

சொன்ன பிறகுதான் என்ன சொல் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நாற்பது வருஷமாகப் பட்டி வாசலில் சொன்ன அதே சொல், வாயில் தானாக வந்துவிட்டது. ராக்னா அவரைப் பார்க்கவில்லை. ரொட்டியைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கையுறையை மாட்டினாள். சாவகாசமாக எழுந்து ஸ்கீயில் காலை நுழைத்தாள். வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்து அவரும் கோப்பையைக் கவிழ்த்தார். அவள் ஸ்கீயின் முனையைக் கிழக்கே திருப்பினாள். அந்தப் பக்கம் வீடு இல்லை. அந்தச் சின்ன மேடையைக் குனிந்து பார்க்கக்கூடிய பாறை விளிம்புதான் அங்கே இருந்தது.

“ராக்னா,” என்றார். “காலின்னு சொன்னேன்.”

அவள் திரும்பி நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை. சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு முகம் வைத்துக்கொள்வோமே, அந்த முகம்.

“ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேன்,” என்று உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “நீ உக்காரு.”

அவர் உட்கார்ந்தார். அவள் சரிவின் குறுக்கே மெதுவாகப் போவது தெரிந்தது. அவர் பங்கில் வேறொருத்தர் தடம் விழுந்துகொண்டே போனது. அங்கே கிடாரி இல்லை என்று அவருக்குத் தெரியும், சத்தியமாகத் தெரியும். இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளக்கூடத் தேவையில்லை. இல்லைதான். இல்லாமலிருந்தும் என்ன ஆகப்போகிறது என்று யோசித்தபோது, ஒன்றும் ஆகப்போவதில்லை என்று புரிந்தது. அவர் சொன்னது சரியாகவே இருந்தாலும் இனி யாராவது ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் அது சரி.

ராக்னா விளிம்பில் படுத்துக் குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். எழுந்து பனியைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

“காலிதான்,” என்றாள்.

ஹல்வார் தலையாட்டினார்.

இறங்கும்போதும் அவளே முன்னால் போனாள். தோல்பட்டையைக் கழற்றிவிட்ட ஸ்கீ புதுப்பனியில் வழுக்கிக்கொண்டு போயிற்று. வேறு நாளாக இருந்தால் கிழட்டு வயதிலும் அவருக்கு உற்சாகம் வந்திருக்கும். பிர்ச் காட்டுக்குக் கீழே, அவர் வீட்டு வேலியோரம் அவள் நின்று காத்திருந்தாள். இருட்டத் தொடங்கியிருந்தது. கடையில் யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று அவர் கேட்டார். அவள் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றாள். சொல்ல மாட்டாள்தான். எங்கள் ஊரில் அதற்கு அவசியமே இல்லை.

பிறகு அவள் கம்பை ஊன்றி அவர் பக்கமாகச் சாய்ந்தாள். ரொம்ப அன்பாக, அவருக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னாள்.

“வர்ற அக்டோபர்ல நீ கீழ பட்டி வாசலைப் பார்த்துக்கயேன் ஹல்வார். கதவைத் திறந்து மூட ஒரு ஆள் எப்பவும் பத்தறதில்ல.”

பட்டி வாசல் கதவை எங்களில் பிடிப்பது மலையேற முடியாத சின்னப் பிள்ளைகள். ஒரு வருஷம் கால் முறிந்த ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிடித்தார். வந்தவர்கள் காலி, காலி என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போவார்கள். கதவைப் பிடிப்பவரிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ஹல்வார் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவள் சொல்லி முடித்து வெகு நேரம் ஆன பிறகும்.

“பார்த்துக்கறேன்,” என்றார்.